இங்க ரெண்டரை மணி

குளத்தூர் தங்கப்பனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல என்னால் முடியாது. முப்பது வருடமாக டாக்ஸி ஓட்டுகிறார். ஊர்க்காரர்களைத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறாரே தவிர, ஒருநாளும் விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் வாயைத் திறந்தால் ஆகாயக் கணக்குதான். துபாய் ரெண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர், நாலு மணிக்கூர்ப் பயணம், நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். லண்டனுக்கும் இப்படி ஒன்று வைத்திருப்பார். கல்யாண வீடோ சாவு வீடோ, வெளிநாட்டிலிருந்து வருகிறவர் எப்போது வந்து சேருவார் என்று அவரைத்தான் கேட்பார்கள். அந்த மரியாதை அவர் தலைக்கேறிவிட்டது.

என் அம்மா ஜெபகுமாரி இறந்த செய்தி எனக்குத் துபாயில் கிடைத்தது. மறுநாள் காலை விமானம். ஏறுவதற்கு முன் தம்பி அனூப்புக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "இங்க ரெண்டரைக்கு எறங்குவேன். நான் வாறது வரைக்கும் அம்மாவ மூடண்டாம்."

நாலரை வரை பொறுப்பதாகப் போதகர் சொல்லியிருந்தார். நான் நாலு மணிக்கு வீட்டில் இருப்பேன். அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்க்க அது போதும்.

தங்கப்பன் அனூப்பின் போனை வாங்கிப் படித்திருக்கிறார்.

"எலே, இது நம்ம நேரம் இல்ல. துபாயில இருந்துட்டாக்கும் இவ இங்கண்ணு எழுதியிருக்கா. அப்போ அங்கத்த ரெண்டர. ஒண்ணரய கூட்டு. எறங்கும்போ நாலு மணி. வீட்டுக்கு வர அஞ்சர ஆவும்."

விமான நிலையத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்க அனூப்புக்குத் தோன்றவில்லை. கணக்குப்புலி பக்கத்தில் நிற்கும்போது எவனுக்குத் தோன்றும்?

அஞ்சரைக்கு வருகிறவளுக்காக நாலரை வரை காத்திருந்து என்ன ஆகப்போகிறது என்று ரெண்டரைக்கே பெட்டியை மூடிவிட்டார்கள். அதே நேரத்தில்தான் என் விமானம் இறங்கியது. வெளியே வந்து அனூப்பை அழைத்தேன். சர்ச்சுக்குள் போனை அணைத்து வைத்திருந்தான். எனக்காக யாரும் வந்திருக்கவில்லை. கிடைத்த டாக்ஸியில் ஏறினேன். வழியில் நெய்யாற்றின்கரையில் தங்கப்பனின் வெள்ளைக் கார் எதிரே கடந்து போனது. என்னை அழைத்துவரத்தான் போகிறார், அதுவும் நிதானமாக. டிரைவரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன்.

கல்லறைத் தோட்டத்தில் மண்ணைத் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அனூப் ஓடி வந்தான். சர்ச்சை விட்டு வந்தபின் அவன் திரும்பப் போட்டிருந்த போன் அடித்தது. விமான நிலையத்திலிருந்து தங்கப்பன்.

"மக்கா, பிளைட்டு ஒண்ணர மணிக்கூர் முன்னாடியே வந்தாச்சு. பின்காத்து நல்லா அடிச்சிருக்கும்."

நாலு மணி நேரப் பயணத்தில் காற்று ஒன்றரை மணியை மிச்சம் பிடித்துக் கொடுத்ததாம். இன்றுவரை டாக்ஸி ஸ்டாண்டில் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்க வீட்டுக்கே வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருக்கவில்லை.

"ஜின்சி, நீ இங்கண்ணு எழுதினது கொண்டாக்கும் இந்தக் குழப்பம் எல்லாம்."



"நான் துபாய்க்குப் போயி பதினோரு வருஷம் ஆச்சு, தங்கப்பண்ணே. ஒரு நாளாவது அந்த ஊர நான் இங்கண்ணு சொல்லிக் கேட்டிருக்கியளா?"

அவர் போனை எடுத்து எதையோ பார்க்கத் தொடங்கினார். அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்த ஆளைத்தான் அன்றைக்குப் பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தார்கள்.