அண்ணனின் மூக்கு

துபாயிலிருந்து வந்த அன்று அண்ணன் போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் நெஞ்சுப் பக்கமெல்லாம் பொத்தல். சிகரெட் நெருப்பு விழுந்து பொசுங்கியவை. அம்மா அதைத் துவைத்துக் கொடியில் போட்டபோது, பொத்தல்களின் வழியே வெயில் புள்ளி புள்ளியாய்த் தரையில் விழுந்தது. தெருவில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவுக்குப் போய், டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலுமாகத் திரும்பிக்கொண்டிருந்த காலம். அங்கே ஒரு ஹோட்டலில் பிரியாணி சமைத்துக்கொண்டிருந்த என் அண்ணனோ, யாரோ துணைக்கு வந்து விட்டுப்போக, தனக்குத்தானே பேசிக்கொண்டு வெறுங்கையோடு வந்து நின்றார்.

குடித்துக் குடித்தே மூளையைக் கெடுத்துக்கொண்டான் என்றது தெரு. நடந்தது தலைகீழ். முதலில் வந்தது குரல். யாரும் இல்லாத இடத்தில் ஒரு ஆள் அவரை ஓயாமல் ஏசிக்கொண்டே இருந்தான். குடி அதற்குப் பிறகுதான் வந்தது. ஊருக்கு வந்தபின் சிகரெட் பீடியாகி, ஒன்று அணையும் முன் அடுத்தது பற்றிக்கொண்டது. குடி எங்கள் வீட்டில் வாயால் சொல்லக்கூட ஆகாத சொல். அதனால் அம்மா கடைசிவரை அதைக் "காய்ச்சல்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

குறுவை நடவு நேரத்தில் ஒருநாள், ஊர் டாக்டர் அந்தக் குரலுக்குக் கொடுத்த மாத்திரையும் போட்டுக்கொண்டு குடித்துவிட்டு, நிறையத் தண்ணீர் ஓடிய வாய்க்காலில் விழுந்துவிட்டார். வயலில் நின்ற பெண்கள்தான் ஓடிவந்து இழுத்துப் போட்டார்கள். நான் பதறிப்போய் நின்றபோது அவர்களில் ஒருவர், "கொஞ்சம் விட்டிருந்தா நாத்தோட நாத்தா இவரையும் நட்டிருப்போம் தம்பி" என்றார். சேறும் சகதியுமாய்க் கிடந்த அண்ணன் அதைக் கேட்டுச் சிரித்தார். ஊர் திரும்பிய பின் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் தஞ்சாவூரில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அந்த டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எதுக்குங்க குடிக்கிறீங்க?" என்று கேட்டார். அதுவரை நாங்கள் யாரும் கேட்காத கேள்வி.

"குடிச்சா அந்தாளு தூங்கிடுறான்."

"பீடி?"

"அது இருந்தா அவன் பேசும்போதும் என் வேலையப் பாக்கலாம்."

"சரி. மாத்திரையோட சாராயம் சேர்ந்தா உசுருக்கே ஆபத்து. முதல்ல அதை விடுவோம். பீடியை அப்புறம் மெல்லப் பாத்துக்கலாம். நிறுத்தறப்ப மட்டும் எங்கிட்ட சொல்லிடுங்க, மாத்திரை அளவை மாத்தணும்."

சில நாள் மருத்துவமனையில் தங்கி, குடி நின்றது. நடுவில் சறுக்கவும் செய்தார். சறுக்கியபோதெல்லாம் அவரே வந்து சொன்னார். அது எங்களுக்குப் பெரிய தெம்பாக இருந்தது. அடுத்த ரமலானில் நோன்பு வைக்கிறேன் என்றார். மருத்துவர் சம்மதித்து மாத்திரையை இரவுக்கு மாற்றிக் கொடுத்தார். மாலையில் ஒரு கையில் பேரீச்சம்பழமும் மறு கையில் பீடியுமாக, பள்ளிவாசலில் பாங்கு சொல்வதைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "முதல்ல பழத்தைத் தின்னுடா" என்பார் அம்மா. பெருநாள் கழிந்ததும், "பகலெல்லாம் இல்லாம இருந்துட்டேனே, ராத்திரியும் இருந்து பாத்தா என்ன?" என்று அவரே கேட்டார். மருத்துவரிடம் போனோம், மாத்திரை அளவு குறைந்தது, பீடி நின்றது. அதன்பின் சில வாரங்கள் எங்கள் எல்லோரிடமும் எரிந்து விழுந்தார். பொறுத்துக்கொண்டோம்.

பீடிப் புகையில் எந்த வாடையும் தெரியாமல் போயிருந்தவர், பிறகொரு காலை அடுப்படி வாசலில் வந்து நின்று மூக்கைச் சுளித்தார். "அம்மா, நெய் சிக்கு வாடை அடிக்குது."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதுகொண்டே சிரித்தார். அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று. கறிவேப்பிலை நேற்றைக்குப் பறித்தது என்பார். மீன்காரர் கூடையை இறக்குமுன்பே வேண்டாம் என்று கையாட்டுவார். ஒரத்தநாட்டுப் பக்கம் மழை என்று சொல்லிக் கொடித் துணிகளை அள்ளி வருவார். சில சமயம் மழை வரவும் செய்தது. கடைசியில் அம்மாவின் கையிலிருந்து கரண்டியையே வாங்கிக்கொண்டார்.

தங்கை கல்யாணத்துக்குப் பிரியாணி அவர்தான். தம் போட்ட தேக்சா அண்டாவின் பக்கத்தில் அவர் நின்றிருந்தபோது, குவைத்திலிருந்து வந்திருந்த மாமா உரிமையோடு ஒரு வெளிநாட்டுச் சிகரெட்டை நீட்டினார். அண்ணன் வாங்கினார். மூக்கருகே கொண்டுபோய் நிதானமாக மோந்தார்.

"பழைய சரக்கு மாமா. ஈரம் ஏறிப்போச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு மூடியைத் திறந்தார். ஆவியோடு எழுந்த மணத்தில் பந்தலே திரும்பிப் பார்த்தது. மாமாதான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

இப்போது அண்ணனுக்குத் தாடி முழுக்க நரைத்துவிட்டது. மாத்திரை தொடர்கிறது. கல்யாண வீடுகளில் அவர் கைச் சமையலுக்கென்றே நாள் பார்க்கிறார்கள். போன மாதம் சாப்பிட உட்கார்ந்தபோது, "அந்தாளு இப்பவும் வர்றானாண்ணே?" என்று கேட்டேன்.

"எப்பவாச்சும் வருவான்" என்றார், என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்துக்கொண்டே. "நேத்து வந்து, குழம்புல உப்பு பத்தலைன்னான். போட்டுப் பாத்தேன். சரியாத்தான் சொல்லிருக்கான்."