மாப்பிள்ளை முயலும் சத்துப் பொடியும்

அந்தத் தெருவில் அவளைக் 'காளான்' என்றுதான் சொல்வார்கள். என்றைக்கோ பின்னறையில் காளான் வளர்க்கிறேன் என்று கிளம்பி, வைக்கோல் மூட்டைகள் அழுகி வீடே நாறிப்போனதில் ஒட்டிக்கொண்ட பெயர். அதற்கு முன்பு தட்டச்சு வகுப்பு, அதற்கும் முன்பு கேக் செய்யும் பயிற்சி. எதையும் ஆசை ஆசையாக ஆரம்பித்துப் பாதியில் விடுகிறவள் என்று எல்லாரும் முத்திரை குத்தியாயிற்று. மற்றவர்கள் சிரித்தால் போகட்டும் என்று விடலாம். பஸ் ஓட்டும் கணவனும் சேர்ந்து சிரித்ததுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள், ஆலையை மூடியதும் பின்கட்டுத் தகரக் கொட்டகையில் முயல் வளர்க்கத் தொடங்கினாள். நான்கு பெட்டை, ஒரே ஓர் ஆண். உயரத்தில் கட்டிய கூண்டுகளுக்கு அடியில் வீட்டுக் கோழிகள் மேய்ந்தன. வெள்ளை உடம்பு, சிவந்த கண், பூனையைத் தோற்கடிக்கும் பருமன். இணை சேர்க்க வேண்டுமென்றால் பெட்டையைத்தான் அவன் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அவனைத் தூக்கிப் பெட்டையின் கூண்டில் விட்டால், வந்த வேலையை மறந்து மூலை மூலையாக மோப்பம் பிடித்துக்கொண்டிருப்பான். இத்தனை உபசாரம் கேட்கிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது? மாப்பிள்ளை என்று வைத்தாள்.

மாப்பிள்ளை முதலில் குறை வைக்கவில்லை. கோடை வந்து தகரம் காய்ந்ததும் கதை மாறியது. கடமைக்கு ஏறி இறங்குவான். பெட்டைகளின் வயிறோ காலியாகவே இருந்தது. அந்தச் சமயம் பார்த்துக் கொழுந்தன் ஒரு வேன் வாங்கினான். கொட்டகையில் அவனுக்கும் பாதிப் பங்கு. வேனை மழையில் நிறுத்த மனசு வருமா? கொட்டகையைப் பிரித்து, அந்தத் தகரத்தால் வாசலில் வேனுக்குக் கூரை போட நினைத்தான்.

"தப்பா நினைச்சுக்காதீங்க அண்ணி. மழைக்குள்ள குட்டி வந்தா கொட்டகை உங்களுக்கு. இல்லேன்னா இதையும் காளான் கணக்குல சேர்த்துடுங்க."

அவள் அன்றைக்கே மாப்பிள்ளையைக் கூடையில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனாள். அந்த அம்மாள் பொறுமையாகப் பார்த்துவிட்டு, வெயில் தாக்கியதில் அவன் விந்து கெட்டிருக்கிறது என்றார். கூண்டைக் குளிர்ச்சியாக வைக்கச் சொன்னார். கண்டதையும் கொடுத்துக் கொழுக்க வைக்காதே, கொழுத்த ஆண் சோம்பேறி என்றார். துத்தநாகமும் வைட்டமின் ஈயும் செலினியமும் கலந்த பொடி ஒன்றைக் கொடுத்து, அளவு மீறினால் விஷம் என்று எச்சரித்தார். இன்று தின்பது இன்றைக்கே பலன் தராது, புது விந்து ஊற ஒன்றரை மாதமாவது ஆகும் என்பதையும் சொல்லி அனுப்பினார்.

அவள் கூண்டைச் சுற்றி ஈரச் சாக்கு தொங்கவிட்டாள். குச்சி குச்சியாக வரும் கடைத் தீவனத்தின் மேல் தினமும் அளந்து பொடி தூவினாள். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். நாள் வந்ததும் பெட்டைகளைக் கொண்டுபோய் விட்டாள். பதினைந்து நாள் கழித்து மருத்துவர் வயிற்றைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நான்கும் காலி. அன்றைக்குக் கணவன் சிரிக்கக்கூட இல்லை. வேண்டுமென்றால் நானே கொட்டகையைப் பிரித்துத் தருகிறேன் என்று இரக்கப்பட்டான். அந்த இரக்கம் சிரிப்பைவிட வலித்தது.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி முட்டை வாங்க வந்தாள். கோழிகளுக்கு அப்படி என்ன போடுகிறாய், ஓடு கல் மாதிரி இருக்கிறது, நாள் தவறாமல் வேறு இடுகின்றனவே என்று கேட்டாள். தனியாக ஒன்றும் போடவில்லையே என்றவளுக்குப் பொறி தட்டியது. கொட்டகைக்கு ஓடினாள். மாப்பிள்ளை தீவனக் கிண்ணத்தை முன்காலால் பறட் பறட்டென்று பறண்டி, குச்சிகளை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தான். பொடி முழுக்கக் கம்பிவலைத் தரை வழியாகக் கீழே கொட்டியது. கீழே கோழிகள் வரிசையாகக் கழுத்தை நீட்டிக் காத்திருந்தன.

முயல் தூளைத் தொடாது என்பது அவளுக்குத் தெரிந்த விஷயந்தான். புதுத் தீவனம் வாங்கினால் தூளைச் சலித்துவிட்டுத்தானே போடுவாள். மருந்து என்றதும் புத்தி மழுங்கிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். தோற்றது மாப்பிள்ளை அல்ல, மருந்தும் அல்ல. மருந்து இன்னும் அவன் வாய்க்கே போகவில்லை.

அன்றே மசித்த வாழைப்பழத்தில் தவிட்டையும் பொடியையும் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருண்டை பிடித்தாள். தினம் ஓர் உருண்டையைத் தன் கையாலேயே ஊட்டினாள். விழுங்கும்வரை நகரமாட்டாள். மறுபடியும் ஒன்றரை மாதம். மாப்பிள்ளையின் ரோமம் பளபளத்தது. கூண்டுக் கதவு திறந்தாலே முறுக்கிக்கொண்டு நின்றான். நான்கு பெட்டைகளையும் ஒரே நாளில் கொண்டுபோய் விட்டாள். இந்த முறை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. இன்னொரு முறை உதடு பிதுங்குவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

மழை முந்திக்கொண்டது. பெட்டைகளை விட்டு ஒரு மாதம் ஆன காலையில் கொழுந்தன் சுத்தியலோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். வேன் வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் பாதி நனைந்தபடி நின்றது. அவள் வழி மறிக்கவில்லை. குட்டி போடுவதற்கென்று கூண்டுக்குள் வைத்திருந்த மரப்பெட்டியைக் காட்டி, "கையை விட்டுப் பாருங்க தம்பி" என்றாள்.

தாய் முயல் தன் வயிற்று ரோமத்தைப் பிடுங்கிப் பெட்டி நிறைய மெத்தை போட்டிருந்தது. அவன் தயங்கிக் கையை விட்டான். மெத்தை கதகதவென்றிருந்தது, விரலுக்கடியில் எதுவோ நெளிந்தது, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அதற்கும் பக்கத்தில் இன்னும் பல. கையை எடுக்க மனமில்லாமல் குனிந்தபடியே நின்றான். அடுத்த பெட்டியிலும் ரோமம் அசைந்தது. மூன்றாவது பெட்டை அவசர அவசரமாக முடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. நான்காவது பெட்டிக்கு மேலே தகரம் ஒழுகியது.

கொழுந்தன் அந்த ஒழுகலைப் பார்த்தான். வாசலுக்குப் போய் வேன் மேல் கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்து வந்தான். பிரிக்க வந்த ஆட்களிடமே கொடுத்து, அதே சுத்தியலால் கூரைமேல் அடிக்கச் சொன்னான்.

"வேன் நனைஞ்சா துடைச்சுக்கலாம் அண்ணி. இதுங்க நனையக் கூடாது."

சாயங்காலத்துக்குள் நான்கு பெட்டிகளும் நிறைந்துவிட்டன. வேலை முடிந்து வந்த கணவன் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தான். பிறகு வாசலில் வேடிக்கை பார்த்து நின்றவர்களிடம், "எம் பொண்டாட்டி முயல் வளர்க்கிறா" என்றான், புதுச் செய்தி போல. உள்ளே இருந்த அவளுக்கு அது காதில் விழுந்தது. இத்தனை வருடத்தில் அவள் தொடங்கிய ஒன்றை அவன் வாய்விட்டுச் சொல்லிப் பெருமைப்பட்டது இதுதான் முதல் தடவை.

அவள் உருண்டையை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் போனாள். கீழே கோழிகள் பழக்கதோஷத்தில் கழுத்தை நீட்டி நின்றன. மாப்பிள்ளை நிதானமாக மென்று விழுங்கி, அவள் உள்ளங்கையையும் நக்கித் துடைத்தான். ஒரு துணுக்குகூடக் கீழே விழவில்லை.