அறுபது எழுத்துக்கான இடம்

எண்பதுகளின் கடைசியில், கல்முனையில் வயற்காணிப் பதிவுகளைப் பார்க்கும் கந்தோர் ஒன்றில் நான் எழுதுவினைஞராக இருந்தேன். ஏதோ வெளிநாட்டு உதவியில் எங்களுக்கு ஒரு கம்பியூட்டர் வந்தது. அதற்கென்று ஓர் அறையை ஒதுக்கி, ஜன்னலுக்குத் திரை போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வரும்படி கதவில் எழுதி ஒட்டினார்கள். கந்தோருக்குப் பொறுப்பான எங்கள் பெரிய ஐயாவும் வெறுங்காலோடுதான் உள்ளே வருவார்.

அந்த அறையில் இரண்டு பேர் வேலை செய்தோம். மற்றவள் கல்முனைக் கடற்கரைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை. தகப்பன் கரைவலைக்காரர். எங்கள் இருவரையும்தான் கொழும்புக்கு மூன்று கிழமைப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் கொண்டுவரும் சூடை மீன் பொரியலை நான் சாப்பிடுவேன், என் உம்மாவின் சோற்றை அவள் சாப்பிடுவாள். அந்த நாட்களை நினைத்தால், மெஷின் சூடேறும் மணமும் சூடைப் பொரியல் மணமும் சேர்ந்தே வருகின்றன.

வேலை இதுதான்: தடித்த பதிவேடுகளில் கையால் எழுதியிருந்த விவசாயிகளின் விவரங்களை மெஷினில் ஏற்றி, பெரும்போக விதைப்புக்கு முன் வாய்க்கால் வாரியாக ஒரே பட்டியலாக அச்சடிக்க வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் விதைநெல் கொடுப்பார்கள். மெஷினுக்குள் எதையும் சேமிக்க முடியாது. ஒரு பக்கத்தில் புரோகிராம் உள்ள பிளொப்பித் தட்டு, மறுபக்கத்தில் எங்கள் விவரங்களுக்கு இன்னொரு பிளொப்பி. எல்லாப் பேரும் அந்த ஒன்றுக்குள் அடங்கினால்தான் வரிசைப்படுத்த முடியும்.

மாவடிப்பள்ளி ஊர்ப் பதிவேட்டில் பாதி போகுமுன்னே பிளொப்பி நிறைந்துவிட்டது. இடமில்லை என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது.

"என்னகா செய்யிற?" என்றாள் அவள்.

"ஊர்ப் பேர ஒவ்வொரு வரியிலயும் முழுசா எழுதிரிக்கம். அத நம்பராக்குவம்."

அட்டாளைச்சேனை என்று ஆங்கிலத்தில் அடிக்கப் பதின்மூன்று எழுத்து. அதற்குப் பதில் நாலு என்று போட்டோம். எந்த நம்பர் எந்த ஊர் என்பதை மட்டும் வேறொரு சின்ன அட்டவணையில் ஒருதரம் எழுதிவைத்தோம். வாய்க்கால்களுக்கும் அப்படியே. பிளொப்பியில் கனக்க இடம் கிடைத்தது. இருவரும் கைதட்டிச் சிரித்ததில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஆனாலும் சாகாமத்துப் பதிவேடு மிஞ்சிவிட்டது. பட்டியல் கொடுக்க நாலு நாள்தான் இருந்தது. கடைசிக் கட்டத்தைக் காட்டினேன். குறிப்பு என்ற கட்டம். ஒவ்வொருவருக்கும் அறுபது எழுத்து ஒதுக்கியிருந்தோம். எதுவும் எழுதாமல் விட்டாலும் அந்த அறுபது எழுத்துக்கான இடத்தை மெஷின் பிடித்துவைத்துக்கொள்ளும்.

"முக்கால்வாசியும் வெறுமையாத்தான் கிடக்கு. எடுத்துருவம்" என்றேன்.

அவள் தயங்கினாள். "குறிப்பு எழுதியிரிக்கிற ஆக்கள்ற?"

"பதிவேட்டுல இரிக்கிதானே புள்ள."

எடுத்துவிட்டோம். சாகாமமும் அடங்கியது. பட்டியல் நீளமாய் மடிந்து மடிந்து அச்சாகி விழுந்தபோது பெரிய ஐயா தன் கையாலேயே அதைப் பிடித்துக்கொண்டார்.

விதைநெல் கொடுக்கத் தொடங்கியதற்கு மறுநாள் காலை ஒரு பெண் வந்தார். முப்பது வயதிருக்கும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"வாங்க ராத்தா" என்றேன்.

மாவடிப்பள்ளியில் காணி. புருஷன் சவுதிக்குப் போய் இரண்டு வருசம். வயலை இவர்தான் ஆள் வைத்துச் செய்கிறார். போன போகம் இவர் கையெழுத்துக்கு நெல் கொடுத்தார்களாம். இந்த முறை பட்டியலைப் பார்த்துவிட்டு, ஆம்பிளையின் பேர்தான் இருக்கிறது, அவரே வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"உழுது போட்டிரிக்கன். மழ இண்டைக்கோ நாளைக்கோ எண்டு நிக்கி" என்றார். பிறகு மெஷினைப் பார்த்து, "அந்தப் பெட்டிக்குள்ள நான் இல்லயா தங்கச்சி?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என் கூட்டாளி அதற்குள் பதிவேட்டை இறக்கிப் புரட்டியிருந்தாள். புருஷனின் பேருக்கு எதிரே, கடைசிக் கட்டத்தில், பச்சை மையில் எழுதியிருந்தது: வெளிநாட்டில் உள்ளார், மனைவி கையொப்பமிடலாம்.

"இருக்கிறீங்க அக்கா. நாங்கதான் எடுத்துட்டம்" என்றாள் அவள். நான் சொல்லியிருக்க வேண்டியதை அவள் சொன்னாள், அதுவும் 'நாங்க' என்று.

பெரிய ஐயாவிடம் நான் போனேன். என் யோசனைதான் என்று சொன்னேன். அவர் அந்தப் பெண்ணுக்கு நெல் கொடுக்கும்படி கையாலேயே கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, "இவவப் போல இன்னும் எத்தின பேர்?" என்று கேட்டார்.

அன்றும் மறுநாளும் நாங்கள் எல்லாப் பதிவேடுகளையும் திரும்பப் புரட்டினோம். குறிப்பு உள்ளவர்களை மட்டும் எடுத்து, அவர்களின் பதிவு இலக்கத்தையும் குறிப்பையும் தனி அட்டவணையாக ஏற்றினோம். வெறுமையான வரி ஒன்றும் அதில் இல்லை. அதே பிளொப்பியில் அதுவும் அடங்கியது. இதை முதலிலேயே செய்திருக்கலாம். பேர்களையும் சேர்த்து இரண்டு பக்கத்தில் அச்சான அந்தச் சின்னப் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். புருஷன் வெளிநாட்டில், புருஷன் மௌத்து, தகப்பன் படுக்கையில்.

பட்டியலை நாங்கள் இருவருமே பஸ்ஸில் கொண்டுபோனோம். மழை தொடங்கிவிட்டிருந்தது. பொலித்தீனில் சுற்றிய தாளை அவள் தன் மடியில் வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டாள். நெல் கொடுக்குமிடத்தில் பொறுப்பாக இருந்தவர் அதை வாங்கி முதல் பேரையும் குறிப்பையும் சத்தமாக வாசித்தார். வரிசைக்கு வெளியே, மதிலோரம் ஒரு குடைக்குள் நின்ற மூன்று பெண்களில் ஒருவர் முன்னால் வந்தார்.