முள் குத்திய விடைத்தாள்கள்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் நான் தேத்தண்ணிக்கடை வைத்திருந்தபோது, பக்கத்துப் பள்ளிக்கூடத்து யாழ்ப்பாண வாத்தியார் ஒருவர் வருவார். கக்கத்தில் குடை, கையில் சோதனைத் தாள்கள். யாருடைய தாள் என்று தெரியாதிருக்க, பெயர் எழுதிய மூலைகளையெல்லாம் மடித்து எலுமிச்சை முள் குத்தியிருப்பார். என் கடையில் உட்கார்ந்துதான் திருத்துவார். ஆனால் திருத்துகிற அன்றைக்கு என் தேத்தண்ணியைத் தொடமாட்டார், பேச்சும் கொடுக்கமாட்டார். எனக்கோ மனிதர் பேச்சென்றால் உயிர். பேசாமல் இத்தனை வேஷம் போடுகிறவரை எப்படி நம்புவது?

அந்த வருஷம் அவரிடம் படித்த என் மகள் கட்டுரையில் இரண்டு புள்ளியால் தவறினாள். வகுப்பேற முடியாது.

“முள்ளு குத்தினாலும் கையெழுத்து தெரியுமில்லீங்களா, வாத்தியாரய்யா?” என்றேன்.

“ஓம், தெரியும். உங்கட பிள்ளை எண்டு தெரிஞ்சதாலதான் புள்ளியை இறுக்கிப் போட்டனோ எண்டு எனக்கே சந்தேகம். மற்ற வாத்தியாரிட்டக் குடுக்கிறன், அவர் திருத்தட்டும்.”

மற்ற வாத்தியார் ஐந்து புள்ளி கூட்டிப் போட்டார். மகள் வகுப்பேறினாள். எனக்குத்தான் நிம்மதி போயிற்று. அந்த மற்றவர் தினமும் என் கடையில் காசு கொடுக்காமல் சும்மா தேத்தண்ணி குடிக்கிறவர்.

கட்டுரைத்தாள் இன்னும் என் அலுமாரியில் கிடக்கிறது. முள்ளுக்காரர் போட்டதே சரியாக இருந்துவிட்டால்? எடுத்து வாசிக்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.