ஆவடி – செம்பரம்பாக்கம்: மின்சார ஆட்டோவில் நாற்பது கிலோமீட்டர்

பெட்ரோல் ஒரு சொட்டுக்கூட எரிக்காமல் நம் மேற்குப் புறநகரைச் சுற்றிவர முடியுமா என்று வலைப்பூ வாசகர்கள் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நாடு முழுக்க மின்சார வண்டிக்கு மாறப்போகிறது என்று நாமும் தினமும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம். சரி, போய்ப் பார்த்துவிடுவோம் என்று செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை விடுப்பு எடுத்தேன். போய்ப் பார்த்தேன். பெருமைப்பட ஒன்றும் இல்லை.

அம்பத்தூரில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டிலிருந்து ஆவடிக்கு மின்சார ரயில். ஸ்டேஷன் வாசலில் தனசேகர் அண்ணனின் மின்சார ஆட்டோவைப் பிடித்தேன். வயது நாற்பத்தெட்டு. இருபது வருடம் பெட்ரோல் ஆட்டோ ஓட்டியவர். செம்பரம்பாக்கம் ஏரி போய்வர, காத்திருப்பும் சேர்த்து எழுநூறு ரூபாய் என்று பேசினோம். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“பன்னெண்டே முக்காலுக்கு நான் ஊட்ல இருக்கணும் சார். ஒய்ஃபுக்கு டயாலிசிஸ். வாரத்துல மூணு நாளு, ஒன்னே காலுக்கு வேலப்பன்சாவடில இட்டுனு போய் வுடணும். அதுக்கோசரம்தான் இந்த வண்டியே வாங்குனேன். பெட்ரோல் நாத்தம் அவளுக்கு ஆவாது, வாந்தி எடுத்துடுவா.”

அவர் மனைவி பெயர் மல்லிகா. வீடு இரண்டாவது மாடி; அண்ணன்தான் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்குவாராம்.

காலை 9.10-க்குக் கிளம்பும்போது சார்ஜ் 62 சதவீதம். முழு சார்ஜில் எழுபது கிலோமீட்டர் ஓடும் என்றார். புதிதில் நூறு ஓடியதாம். பூந்தமல்லி வழியாக ஏரிக்கு 17 கிலோமீட்டர், 10.05-க்குச் சேர்ந்தோம். வண்டியில் சத்தமே இல்லை, ஆட்டோவுக்குள் உட்கார்ந்து சாதாரணக் குரலில் பேச முடிந்தது. அந்த ஒரு மணி நேரம் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அங்கேயே திரும்பியிருக்கலாம். எனக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் வயலாக இருந்த இடமெல்லாம் இப்போது கிடங்குகள். அவற்றின் கூரை முழுக்க சோலார் தகடுகள். பின்னால் ஏரி, முன்னால் தகடுகள், நடுவில் மின்சார ஆட்டோ. எதிர்காலமே ஒரே படத்தில்! அந்தக் கோணத்துக்காக ஒன்பது கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றினோம். அண்ணன் ஒருமுறை சார்ஜ் மீட்டரைப் பார்த்தார். பிறகு, “பரவால்ல சார், வர்ற வழில நசரத்பேட்டைல போட்டுக்கலாம்” என்றார்.

நசரத்பேட்டை சார்ஜிங் நிலையத்துக்கு 11.20-க்கு வந்தோம். சார்ஜ் 19 சதவீதம். அதன் கூரையிலும் சோலார் தகடுகள் பளபளத்தன. கீழே இயந்திரம் இருண்டு கிடந்தது. மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பது முதல் இரண்டு வரை மின்தடை என்றார் வாட்ச்மேன்.

“மேலதான் சோலார் இருக்கே?” என்றேன்.

“லைன்ல கரண்டு இல்லாங்காட்டி அதுவும் வேலை செய்யாது சார். போன மாசம் பன்னெண்டுக்கே கரண்டு வுட்டுட்டான். குந்துங்க.”

தனசேகர் தலையில் கை வைத்துக்கொண்டார். “எங்க ஏரியா ஷட்டவுன் இன்னா தேதின்னு கரெக்டா பார்த்துடுவேன் சார், மோட்டார் போட்டு தண்ணி ஏத்தணுமே. நசரத்பேட்டைக்கு எதுக்குப் பார்க்கப் போறேன்?”

அவரை மட்டும் சொல்வானேன். நானும் அம்பத்தூர் மின்தடைப் பட்டியலை மட்டும்தான் பார்ப்பேன். பெட்ரோல் பங்க்குக்குப் போகுமுன் யாராவது அந்த ஊரில் கரண்ட் இருக்கிறதா என்று விசாரிப்போமா?

அண்ணன் வீட்டுக்கு 13 கிலோமீட்டர், அங்கிருந்து டயாலிசிஸ் மையத்துக்கு 11. இருக்கிற சார்ஜ் போதாது. அதனால் காத்திருந்தோம். பன்னிரண்டு ஆனது, கரண்ட் வரவில்லை. 12.15-க்கு அவர் எழுந்தார். “ரிசர்வ்ல ஊடு வரைக்கும் போயிடலாம் சார். அங்க வேற வண்டி பார்த்துக்கறேன்.”

ரிசர்வ் என்பது பெட்ரோல் வண்டியின் வார்த்தை. பத்து சதவீதத்துக்குக் கீழே வண்டி நடை வேகத்துக்கு இறங்கியது. 12.55-க்கு பருத்திப்பட்டு ஏரிக்கு முன்னால், வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது நின்றேவிட்டது. அண்ணன் குதித்து இறங்கி, கம்பியைப் பிடித்து வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து உலுக்கினார். டேங்க்கின் அடியில் கிடக்கும் கடைசிப் பெட்ரோலை இறக்க ஆட்டோக்காரர்கள் செய்வது. இரண்டு முறை உலுக்கிய பிறகுதான் கையை எடுத்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

காலி ஆட்டோ கிடைக்க 1.10 ஆகிவிட்டது. “வண்டியப் பார்த்துக்கோ சார்” என்று சொல்லிவிட்டு ஓடினார். அந்த வெயிலில், செத்த வண்டிக்குள் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். கேமராவில் அந்தப் படம் அருமையாக வந்திருந்தது.

மூன்றரைக்குத் திரும்பி வந்தார். மையத்துக்குப் போய்ச் சேரும்போது இரண்டைத் தாண்டிவிட்டதாம். இயந்திரத்தைக் காத்திருந்த வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு வரச்சொன்னார்களாம். ராத்திரி முழுக்க மல்லிகா அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்ததை மறுநாள் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்று அவர் திரும்பி வந்தபோதே, பேசிய பணத்தோடு கூட ஆயிரம் ரூபாய் நீட்டியிருந்தேன். எழுநூறை மட்டும் எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

நீங்களும் போவதாக இருந்தால்: சார்ஜ் போடப்போகும் ஊரின் மின்தடைப் பட்டியலையும் பாருங்கள். மீட்டர் காட்டுவதில் கடைசிப் பத்து சதவீதத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சோலார் கூரையைப் பார்த்ததும் நிம்மதி அடையாதீர்கள். லைனில் கரண்ட் இல்லாதபோதும் வேலை செய்யுமா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, டிரைவர் ஒரு நேரம் சொன்னால், உங்கள் படத்தைவிட அது பெரிது.

போன வாரம் அவரைக் கூப்பிட்டேன். அக்கா இருக்கிறார். ஆனால் அந்த ஆட்டோவில் ஏறமாட்டேன் என்கிறாராம்.

“ஸ்டாண்டுல ஒரு பையன் பெட்ரோல் வண்டில இட்டுனு போறான் சார். மூக்குல துணிய வெச்சிகினு போறா, எறங்குனதும் வாந்தி.”

“நீங்க?”

“நானா? மாடி எறக்கி அதுல ஒக்கார வெச்சிட்டு, என் வண்டிய எடுத்துகினு பின்னாலயே போறேன். அங்க எறக்கறதுக்கும் நான்தான வேணும். ஃபுல் சார்ஜ்தான் சார். காலியாதான் போவுது.”