மாமியார் துண்டித்த அழைப்பு

மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். எந்த ஷிப்டில் யாருக்கு எந்தக் கம்பெனி பஸ்ஸில் சீட் என்று அது பிரித்துக் கொடுக்கும். செங்கல்பட்டில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் கம்பெனி. முதலாளியும் ஊழியரும் நானே. அனுப்பிய மறுநாள், அங்கே பஸ்களைப் பார்த்துக்கொள்பவர் போன் செய்தார்.

"இன்னா மேடம் இது? தொறந்தாலே கம்ப்யூட்டர் பேஜாரு பண்ணுது. வெளியிட்டவர் யாருன்னு தெரியல, ஆபத்துன்னு நீலமா ஒரு பொட்டி வந்து நிக்கிது."

"நான்தான் சார் வெளியிட்டவர்."

"எனக்குத் தெரியும் மேடம். அதுக்குத் தெரியலியே!"

அதற்கு ஒரு வழி உண்டு. சான்றிதழ் தரும் நிறுவனத்திடம் நான் யார் என்று நிரூபித்து, டிஜிட்டல் கையெழுத்து வாங்கி, மென்பொருளில் போட வேண்டும். ஆவணங்களை அனுப்பினேன். கடைசியாக ஒரு போன் விசாரணை. கம்பெனிப் பதிவில் உள்ள எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்களாம். நான் பதிந்திருந்தது வீட்டு லேண்ட்லைன்.

அது மாமியாரின் ராஜ்ஜியம். பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் யார் விவரம் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று அவரிடம் படித்துப் படித்துச் சொன்னதும் நான்தான்.

நான் செய்யூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று அழைப்பு வந்தது. திரும்பியதும் பெருமையாகச் சொன்னார்: "ஒரு பொண்ணு போன் பண்ணி உன் பேரு, அட்ரஸ்லாம் சரியான்னு கேட்டா. அப்டி யாருமே இங்க இல்லன்னு போனை வெச்சுட்டேன்."

விண்ணப்பம் நின்றுபோனது. கெஞ்சி, மறுபடி அழைக்கச் சொன்னேன். இம்முறை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மணி அடித்ததும் மாமியார் முந்திக்கொண்டார்.

"அவ இருக்கா. மொதல்ல நீ யாரும்மா? உன் ஆபீசு எங்க கீது? மேலதிகாரி யாரு?"

அந்தப் பெண் பொறுமையாகப் பதில் சொல்வது எனக்கே கேட்டது. மாமியார் ஒவ்வொன்றையும் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டு, "சரியாத்தான் கீது" என்று ரிசீவரை நீட்டினார். என்னுடைய விசாரணை இரண்டே நிமிடத்தில் முடிந்தது. போனில் இருந்த பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சில நாளில் கூரியரில், அந்த டிஜிட்டல் கையெழுத்து அடங்கிய கட்டைவிரல் அளவு யுஎஸ்பி ஒன்று வந்தது. அதைச் சொருகிக் கையெழுத்துப் போட்டு, மென்பொருளை மறுபடி அனுப்பினேன். மதியம் பஸ்காரர் கூப்பிட்டார்.

"இப்ப உங்க பேரு வருது மேடம். ஆனா எச்சரிக்கையும் வருது!"

கையெழுத்து புதுசு, நிறையப் பேர் பயன்படுத்திய பிறகுதான் கம்ப்யூட்டருக்கு நம்பிக்கை வரும் என்றேன்.

"எத்தினி பேரு?"

"அதைச் சொல்ல மாட்டாங்க சார்."

"அட வுடுங்க மேடம், அது நம்பற வரைக்கும் பஸ்சு நிக்குமா?" என்றவர், எச்சரிக்கையில் இருந்த 'இருந்தாலும் இயக்கு' என்ற பட்டனை அவரே அழுத்திவிட்டார். சற்று நேரத்தில் இரண்டாம் ஷிப்ட் பட்டியல் அச்சாகும் சத்தம் போனில் கேட்டது.