நான் திருத்திய வரி

சூளையில் களிமண் வேகும் வாசனை அடித்தால் நசீமா நினைவுக்கு வந்துவிடுகிறாள்.

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் லினக்ஸ் கணினியில் வேலை பார்த்தவள் அவள். ஒரு நாள் காலை, கட்டளைகளை அடிக்கும் டெர்மினல் திரையில் அவள் எதை அடித்தாலும், அப்படியொரு கட்டளையே இல்லை என்றது கணினி.

“எதையோ நோண்டிட்டு முழிக்குது பாரு. நாளையிலேர்ந்து வராதம்மா,” என்றார் முதலாளி.

“நான் தொடவே இல்லைங்க,” என்று அழுதாள்.

பழுது பார்க்க என்னை அழைத்தார்கள். கணினி தொடங்கும்போது படிக்கும் கோப்பைத் திறந்தேன். கட்டளைகள் இருக்குமிடத்தைச் சொல்லும் வரி பிழையாக இருந்தது. முந்தைய நாள் பராமரிப்புக்கு வந்தபோது நான் எழுதிய வரி.

உண்மை தொண்டைவரை வந்தது. என் பிழைப்பு போய்விடுமே என்று விழுங்கினேன். வரியைத் திருத்திவிட்டு, “சின்னக் கோளாறுதான்,” என்றேன். இருபது வருடமாகியும் அந்த வாக்கியத்தைத் திருத்த முடியவில்லை.

வேலை போய், பையோடு கிளம்பிய நசீமா வாசலில் என்னிடம் சொன்னாள்: “நீங்க வரலன்னா மிஷினே போச்சுன்னு என் தலைல கட்டியிருப்பாங்க சார். நல்லா இருங்க. போயிட்டு வரேன்.”